பரணில் கிடக்கும் டிஸ்க்கை இறக்குங்கள்

உத்திரமேரூர், மானாம்பதி, சாலவாக்கம், பெருநகர் பக்கமிருந்து வந்து, 2003 முதல் 2013 வரை என் கம்ப்யூட்டர் சென்டரில் விளையாடிய தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன பொங்கலுக்கு உங்களில் ஒருவர் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்திருந்தார். ஒரகடத்தில் வேலை பார்க்கிறார். கையில் லேப்டாப், கூடவே எட்டு வயது மகன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். டீ வருவதற்குள் கேட்டுவிட்டார்: “அண்ணா, நம்ம சென்டர்ல கிரிக்கெட் 07 இருக்குமே, அந்த சிடி இன்னும் வெச்சிருக்கீங்களா? பையனுக்கு ஆடிக் காட்டணும்.”

கடைகளில் தேடியிருக்கிறார், இல்லை. நெட்டில் தேடினால் இலவசம் என்று நூறு இடத்தில் வருகிறது. ஒன்றை இறக்கியிருக்கிறார். கேம் திறக்கவே இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வேறு ஏதோ உள்ளே புகுந்துவிட்டது. பிரவுசரைத் திறந்தாலே சூதாட்ட விளம்பரம். அந்த லேப்டாப்பில்தான் அவருடைய பேங்க் வேலையெல்லாம் நடக்கிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டிருக்கிறார். பையன் எடுத்த போட்டோக்களும் அதோடு போய்விட்டன.

“அந்த சிடி இல்லப்பா. இருந்தாலும் குடுக்க மாட்டேன், அது ஒரிஜினலே இல்ல” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு உங்கள் எல்லோருக்கும் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம் சென்டரில் நான்கு கம்ப்யூட்டர் இருந்தன. நான்கிலும் இருந்த கேம் அத்தனையும் காப்பி. சென்னையிலிருந்து ஒரு கவரில் வந்த வெள்ளை டிஸ்க்குகள், மேலே மார்க்கர் பேனாவில் பெயர். ரோடு ராஷ், மிட்டவுன் மேட்னஸ், வர்ச்சுவா காப் 2, வைஸ் சிட்டி, 2007-இல் கிரிக்கெட் 07. உங்களிடம் மணிக்கு 15 ரூபாய் வாங்கினேன். ஒருத்தர் ஆடுவார், ஐந்து பேர் நாற்காலிக்குப் பின்னால் நின்று “ஏறி அடிடா” என்று கத்துவார்கள். கடைசி ஓவரில் கரண்ட் போய் யுபிஎஸ் கத்தும்போது நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த 15 ரூபாயில் ஒரு பைசாவும் அந்தக் கேமைச் செய்தவர்களுக்குப் போகவில்லை.

காப்பி என்று தெரிந்தே கம்ப்யூட்டர் நிரலைப் பயன்படுத்துவது நம் காப்புரிமைச் சட்டத்தில் தனிக் குற்றம். 63பி பிரிவு. குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் கோர்ட் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். நான் செய்தது வியாபாரம், எனக்கு அந்தச் சலுகையும் கிடையாது. நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. யாருடைய பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்ற பட்டியலில், பிறர் பொருளை அபகரித்தவனும் உண்டு. அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் போய் சென்டரைத் திறந்தேன்.

சரி, இப்போது பையனுக்கு ஆடிக் காட்ட வேண்டும் என்றால் நேர்மையாக என்ன வழி? அன்றைக்கு அந்தத் தம்பிக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகு ஆறேழு மாதமாக இதையே தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு கேம் ஏன் கடையிலிருந்து காணாமல் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கிரிக்கெட் 07-ஐ வெளியிட்டது ஈஏ ஸ்போர்ட்ஸ், 2006 நவம்பரில். செய்து கொடுத்தது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் எச்பி ஸ்டூடியோஸ். வர்ணனைக் குரல் ரிச்சி பெனோ, மார்க் நிக்கோலஸ். ஆஷஸ் தொடருக்கு உரிமம் வாங்கியிருந்தார்கள். இந்திய அணிக்கு உரிமம் இல்லை, அதனால்தான் நம் வீரர்களின் பெயரெல்லாம் எழுத்து மாறிக் கிடந்தது. நீங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தி வைப்பீர்கள். ஆக, அந்த ஒரு டிஸ்க்குக்குள் போட்டித் தொடரின் பெயர், வீரர்களின் பெயரும் முகமும், வர்ணனையாளர்களின் குரல், விளம்பரப் பலகைகள் என்று பலருடைய சொத்து இருக்கிறது. அவையெல்லாம் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கிய உரிமங்கள். காலம் முடிந்தால் மறுபடி எல்லோரிடமும் கையெழுத்து வாங்காமல் விற்க முடியாது. அதற்குப் பிறகு ஈஏ கம்ப்யூட்டருக்குக் கிரிக்கெட் கேமே வெளியிடவில்லை. இத்தனை ஆண்டு கழித்தும் நம் பையன்கள் ஐபிஎல் அணிகளையும் புதுச் சட்டைகளையும் தாங்களே வரைந்து சேர்த்து அதையே ஆடுகிறார்கள். விற்பவன் விட்டுவிட்டான், ஆடுபவன் விடவில்லை.

மற்றவற்றுக்கும் கதை இதுதான். மிட்டவுன் மேட்னஸில் ஓட்டினீர்களே, அந்த முஸ்டாங்கும் பீட்டிலும் நிஜக் கம்பெனிகளின் கார்கள். ரோடு ராஷ் 1996 பதிப்பில் வரும் பாட்டுகள் சவுண்ட்கார்டன் மாதிரி நிஜ இசைக்குழுக்களுடையவை. வைஸ் சிட்டியில் பாட்டு உரிமம் முடிந்ததும் 2012 மறுவெளியீட்டில் சில பாட்டுகளையே எடுத்துவிட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு சிலர் ஒரு வாதம் செய்கிறார்கள். விற்பனையை நிறுத்திவிட்டார்கள், கைவிட்ட பொருள், எடுத்துக்கொண்டால் என்ன என்று. தம்பி, நம் சட்டத்தில் கைவிட்ட கேம் என்று ஒரு வகையே இல்லை. கம்ப்யூட்டர் நிரலுக்கு இங்கே இலக்கியப் படைப்புக்குள்ள அதே பாதுகாப்பு. எழுதியவர் வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டும். கடையில் இல்லை என்பதால் உரிமை போய்விடாது. பூட்டிக் கிடக்கும் வீடு புறம்போக்கு ஆகிவிடுமா?

ஆனால் இதையும் கேளுங்கள். கிடைக்கவே கிடைக்காது என்று நாம் முடிவுகட்டி வைத்திருப்பவற்றில் பல கிடைக்கின்றன. நாம்தான் தேடவில்லை. போலந்துக்காரர்களின் ஜிஓஜி என்ற இணையக் கடை 2008-இலிருந்து பழைய கேம்களை இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து, காப்பித் தடுப்புப் பூட்டு எதுவும் இல்லாமல் விற்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் முதல் இரண்டு பாகங்களும் 2018, 2019-இல் புதுப்பிக்கப்பட்டு ஸ்டீம் என்ற இன்னொரு இணையக் கடையில் இருக்கின்றன. டூம் விலைக்குக் கிடைக்கிறது. அதன் மூல நிரலை 1997-லேயே அதைச் செய்தவர்கள் பொதுவில் வைத்துவிட்டார்கள். ரெட் அலர்ட்டை ஈஏவே 2008-இல் இலவசமாகக் கொடுத்தது. பினீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற அருமையான கதை விளையாட்டை அதைச் செய்தவர்களே 2003-இல் இலவசமாக விட்டார்கள். ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் இருந்தால் போதும், போனிலேயே ஓடும். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை எழுதிய ஜோர்டன் மெக்னர் அதன் மூல நிரல் தொலைந்தே போனது என்று நினைத்திருந்தார். 2012-இல் அவருடைய அப்பா வீட்டில் ஒரு பழைய அட்டைப்பெட்டியில் அந்த ஃபிளாப்பிகள் கிடைத்தன. அதைப் படித்தெடுத்து எல்லோரும் பார்க்க வெளியிட்டார்.

அப்பாவின் அட்டைப்பெட்டி என்று படித்ததும்தான் எனக்கு நம் ஊர் வீடுகளின் பரண் நினைவுக்கு வந்தது. உங்களில் சிலர் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதற்கு அப்பா சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரிஜினல் சிடி வாங்கித் தந்ததாக வந்து காட்டிய தம்பி ஒருவர் உண்டு. அவர் இப்போது துபாயில். அவருடைய அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். “மேல என்னென்னமோ கெடக்கு, நீயே வந்து பாருப்பா” என்றார்கள். போனேன். பித்தளை அண்டாவுக்கும் கொலுப்படிக்கும் நடுவில் ஒரு ஷூ பெட்டி. உள்ளே ஒன்பது டிஸ்க். ஏழு காப்பி. இரண்டு ஒரிஜினல். ஒன்று கிரிக்கெட் 07.

பிளாஸ்டிக் உறையின் கீல் உடைந்திருந்தது. விலைச் சீட்டு பாதி கிழிந்திருந்தது. உள்ளே ஒல்லியாக ஒரு கையேடு, அதன் பின்பக்கத்தில் சீரியல் நம்பர். டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் பூஞ்சை படர ஆரம்பித்திருந்தது, ஆனால் ஓட்டை விழவில்லை. மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்தால் டிரைவால் சமாளிக்க முடியாது. இன்னொன்றும் சொல்கிறேன்: சிடியில் அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. பதிவு இருப்பது படம் அச்சிட்ட பக்கத்தில், ஒரு மெல்லிய பூச்சுக்குக் கீழே. அதன்மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் தீர்ந்தது.

கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். இரண்டு முறை திணறி மூன்றாம் முறை படித்தது. பெனோவின் குரல் வந்தது. அவர் 2015-இலேயே காலமாகிவிட்டார். அந்த அம்மா பையனுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார்கள். துபாயில் அவர் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விற்பனை நின்றுபோன கேமுக்குச் சட்டப்படியான பிரதி என்றால் இதுதான். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க். அது உங்கள் பரணில் இருக்கலாம், சித்தப்பா வீட்டில் இருக்கலாம், இல்லையென்றால் ஒரிஜினல் வைத்திருப்பவர் ஒருவரிடம் பழையதாக விலைக்கு வாங்கலாம். வாங்கும்போது உறை, கையேடு, சீரியல் நம்பர் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

அந்த டிஸ்க் உங்களுடையது என்றால் சட்டமும் உங்கள் பக்கம்தான். நான் வக்கீல் இல்லை, ஆனால் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வரிவரியாகப் படித்தேன். நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது எதற்காக விற்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்திக்கொள்ளவும், அழிந்துவிடாமல் காத்துக்கொள்ளவும் அந்தப் பிரதியிலிருந்தே நகல் எடுக்கலாம். ஆகவே டிஸ்க்கை அப்படியே ஒரு ஃபைலாக எடுத்து ஹார்டு டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள். அதை நெட்டில் ஏற்றாதீர்கள், வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். டிஸ்க்கை யாருக்காவது கொடுத்தால் உங்கள் நகலை அழித்துவிடுங்கள். நகல் உங்களுடையதாக இருப்பது டிஸ்க் உங்களிடம் இருக்கும்வரைதான்.

ஒரு சிக்கல் வரும். அந்தக் காலத்து டிஸ்க் பலவற்றில் சேஃப்டிஸ்க் போன்ற பூட்டு போட்டிருப்பார்கள். 2015-இல் வந்த விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. பாதுகாப்புக் காரணம், அதில் தப்பில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியவன் கையில் டிஸ்க்கோடு வெளியே நிற்கிறான், காப்பி வைத்திருப்பவன் உள்ளே ஆடுகிறான். இந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதற்கு நேரான வழி, பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் ஒன்றை நெட் இணைப்பே கொடுக்காமல் வைத்து ஆடுவது. பழைய மெஷினை எடைக்குப் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஒரு கம்பெனியே மூடிப்போனால்? அமெரிக்காவில் லுக்கிங் கிளாஸ் என்ற ஸ்டூடியோ 2000-இல் மூடப்பட்டது. அவர்கள் செய்த சிஸ்டம் ஷாக் 2 எங்கேயும் கிடைக்காமல் போயிற்று. ஊர் சுற்றிக்கொண்டிருந்த ஸ்டீபன் கிக் என்ற இளைஞருக்கு அதை ஆட வேண்டும் என்று ஆசை. கிடைக்கவில்லை. உரிமை யாரிடம் என்று தேடிக்கொண்டே போனார். கடைசியில் அது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் அலமாரியில் இருந்தது. கடிதம் எழுதினார், பேசினார், உரிமம் வாங்கினார். 2013-இல் அந்தக் கேம் மறுபடி விற்பனைக்கு வந்தது. நைட்டைவ் என்ற அவருடைய கம்பெனிக்கு அன்றிலிருந்து இதுதான் வேலை. எல்லாத் தேடலும் இப்படி முடிவதில்லை. நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் என்ற 2000-ஆம் ஆண்டுக் கேமுக்கு இதே நைட்டைவ் முயன்றது. உரிமை இருக்கலாம் என்று கருதப்பட்ட மூன்று பெரிய கம்பெனிகளில் எதனிடமிருந்தும் சம்மதம் வாங்க முடியவில்லை.

அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஒரு கணக்கு எடுத்தது. 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் அப்போது விற்பனையிலேயே இல்லை. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே திறந்துகாட்ட அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் அங்கே காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

நம் நிலைமை இதைவிட மோசம். 2009-இல் ஐதராபாத்தில் அரோனா டெக்னாலஜீஸ் செய்த ஹனுமான்: பாய் வாரியர், முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 கேம். அதே ஆண்டு கேம்சாஸ்திரா செய்த தேசி அட்டாவில் கபடி உண்டு, பட்டம் விடுவது உண்டு, நாம் ஏரிக்கரையில் ஆடிய கிட்டிப்புள்ளும் உண்டு. வீடியோ கேமில் கிட்டிப்புள்! நம் பிள்ளைகளுக்காக நம் ஆட்கள் செய்தது. அதை எந்த நூலகத்தில் போய்ப் பார்ப்பது?

புத்தகத்துக்கு ஏற்பாடு இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். அந்தச் சட்டம் புத்தகத்தோடும் பத்திரிகையோடும் நின்றுவிட்டது. காப்புரிமைச் சட்டத்தின் அதே 52-ஆம் பிரிவில் இன்னொரு நல்ல விதி உண்டு: இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகத்தைப் பொது நூலகம் தன் உபயோகத்துக்காக மூன்று பிரதிவரை எடுத்துக்கொள்ளலாம். புத்தகம் என்ற சொல்லுக்குள் துண்டுப் பிரசுரம், இசைத்தாள், வரைபடம், விளக்கப்படம் எல்லாம் வருகின்றன. கம்ப்யூட்டர் நிரல் வரவில்லை. அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், கடையில் இல்லாத ஒரு கேமை மாவட்ட நூலகத்தில் உட்கார்ந்து நேர்மையாக ஆடலாம், படிக்கலாம். இழப்பு யாருக்கு? விற்காத பொருளில் யாருக்கு என்ன வருமானம் குறையும்?

தமிழ்நாடு இதைச் செய்யக்கூடிய மாநிலம். பாரதியின் எழுத்துக்கான உரிமையை 1949-இல் அரசு வாங்கி, பிறகு பொதுச் சொத்தாக்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் படைப்புகளைக் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் அவற்றை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உரியவருக்கு உரியதைக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திறந்துவிடும் அந்த முறை கேமுக்கும் பொருந்தும். உங்களில் இரண்டு மூன்று பேர் சட்டம் படித்திருக்கிறீர்கள், ஒருவர் தலைமைச் செயலகத்தில் இருக்கிறீர்கள், பத்துப் பேருக்குமேல் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறீர்கள். காப்புரிமைச் சட்டம் மத்திய அரசின் கையில். நூலகம் நம் மாநிலத்தின் கையில். இரண்டு பக்கத்துக்கும் மனு எழுதித் தாருங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஈஏவுக்கும் ஒரு கடிதம் எழுதுவோம். அங்கே யாரோ ஒருவர் கிரிக்கெட் 07-இன் உரிமம் என்ன ஆனது என்று கோப்பைத் திறந்து பார்த்தால்கூட எனக்கு அது பெரிது.

ஒரகடத்துத் தம்பிக்கு: துபாய் தம்பி சம்மதித்துவிட்டார். அவருடைய டிஸ்க் என் கடையில்தான் இருக்கிறது. காப்பி எடுத்துத் தர முடியாது. பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இங்கேயே உட்கார்ந்து ஆடட்டும். காசு வேண்டாம்.

மற்றவர்களுக்கு: அடுத்த முறை ஊருக்கு வரும்போது பரணில் ஏறிப் பாருங்கள். ஒரிஜினல் டிஸ்க் எது கிடைத்தாலும், உடைந்ததாக இருந்தாலும், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வந்த சிடிகளும் ஒரிஜினல்தான், அவற்றையும் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குமேல் கடையில்தான் இருப்பேன். சிடி டிரைவ் வேலை செய்கிறது. கொண்டு வாருங்கள், படிக்கிறதா என்று போட்டுப் பார்த்துவிடலாம். வரும்போது அட்டையையும் கையேட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். சீரியல் நம்பர் அதில்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் சென்டர் அண்ணன்
உத்திரமேரூர்